அழித்த வரி

அண்ணனின் வலது காலுக்குச் சணல் உறையை மாட்டிவிட்டு இடது காலைத் தூக்கியபோது யோன்ஜுவின் பிடி நழுவியது. குதிகால் மேசையில் மோதியது.

"மெதுவாடி, வலிக்கும்" என்றாள் அம்மா. சொன்ன பிறகுதான் உறைத்ததுபோல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணன் போன்சோக்குக்கு நாற்பத்தொரு வயது. கழுத்தில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தார்கள். சாங்வோன் தொழிற்சாலையில் அவன் ஓட்டிய பிரஸ் எந்திரத்தில், தகட்டைத் துளைக்கும் பஞ்ச் நேற்றுக் காலை வெடித்தது. விரல்நகம் அளவு எஃகுத் துண்டு ஒன்று அவன் கழுத்தில் புகுந்தது.

அந்தப் பஞ்ச் கடைந்து செய்ததல்ல. எஃகுத் தூளை லேசரால் உருக்கி அடுக்கடுக்காக வளர்த்தது. அதே தொழிற்சாலையின் சோதனைக் கூடத்தில் அதன் கடினத்தன்மையை அளந்தவள் யோன்ஜு. கேட்டிருந்தது அறுபது, அறுபத்திரண்டு வந்தது. ஆனால் கூடவே வளர்த்த மாதிரித் துண்டை வெட்டி, மெருகேற்றி, அமிலம் தொட்டு நுண்ணோக்கியில் வைத்தபோது, மீன் செதில் போன்ற தடங்களுக்கு நடுவே மயிரிழையாக ஒரு கறுப்புக் கோடு ஓடியது. 'விரிசல் உள்ளது. உலையில் பதப்படுத்தி மறுபடி சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது' என்று அறிக்கையில் எழுதினாள்.

மேனேஜர் க்வாக் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "உலை அடுத்த வாரந்தான் காலியாகும். கடினந்தான் வந்துடுச்சுல்ல, அந்த வரி எதுக்கு?"

அவள் அழித்தாள். சாப்பாட்டுக்கூடம் மூடும் நேரம், அவளுக்குப் பசித்தது. பஞ்ச் எந்தப் பிரஸ்ஸுக்குப் போகிறது என்றுகூடக் கேட்கவில்லை.

சவப்பெட்டியை மூடிய பின் அப்பா, அம்மா, யோன்ஜு மூவரும் அஞ்சலிக் கூடத்துக்குத் திரும்பி, அண்ணனின் படத்துக்கு அருகே வரிசையாக நின்றார்கள். பிற்பகலில் க்வாக் வந்தார். ஊதுபத்தி வைத்து, படத்தின் முன் இருமுறை விழுந்து வணங்கினார். துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தரும் மாட்டிறைச்சிச் சூப்பும் சோறும் அவருக்கும் வந்தன. அதைத் தொடாமல், எதிரே உட்கார்ந்த அப்பாவிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஐயா, அவசரத்துல பிரஸ்ஸோட தடுப்புக் கதவைத் தொறந்து வெச்சுட்டு வேலை பாத்திருக்காரு. எங்களுக்கும் மனசு கேக்கல. ஆனா விபத்து அறிக்கையில அப்படித்தான் எழுத வேண்டியிருக்கு."

அப்பா தலையைக் குனிந்தார். "எங்களால உங்களுக்குச் சிரமம்."

"அவசரமா?" அம்மா சீறினாள். "பொண்ணு பாக்கப் போறதுக்கே ஒரு மணி நேரம் லேட்டாப் போயி ரெண்டு சம்பந்தத்தைக் கெடுத்துக்கிட்டவன்! என் புள்ளைக்கா அவசரம்?"

பக்கத்து மேசையில் யாரோ சிரித்து, உடனே இருமினார்கள்.

"கதவால இல்லப்பா" என்றாள் யோன்ஜு. "பஞ்ச்சுல விரிசல் இருந்துச்சு. நான் பாத்தேன். எழுதினேன். இவர் சொன்னாருன்னு அழிச்சேன்."

"துக்கத்துல என்னமோ பேசுறே" என்றார் க்வாக்.

"நுண்ணோக்கியில எடுத்த விரிசல் படம் எங்கிட்ட இருக்கு. தொழிலாளர் ஆபீஸ்ல குடுக்கப் போறேன்."

"அறிக்கையில இருக்கிற கையெழுத்து உன்னோடதும்மா."

"தெரியும்."

க்வாக் எழுந்தார். வாசலில் ஷூ மாட்ட உதவும் கரண்டியைத் தேடினார், கிடைக்கவில்லை. பின்பக்கத்தை மிதித்தபடியே ஷூவை இழுத்துக்கொண்டு போனார்.

அப்பா சூப்புக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே கொழுப்பு ஆடை படிந்திருந்தது.

"கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்."

அம்மா மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

வாசலில் புதிதாக நான்கு பேர் வந்து ஷூக்களைக் கழற்றினார்கள். மூவரும் எழுந்து படத்துக்கு அருகே போனார்கள். முதலில் அப்பா, அடுத்து அம்மா. அம்மாவுக்கும் யோன்ஜுவுக்கும் நடுவே இன்னோர் ஆள் நிற்கும் அளவு இடம் இருந்தது. அம்மா அதைப் பார்த்தாள், நகர்ந்து வரவில்லை.

வந்தவர்கள் வணங்கினார்கள். மூவரும் குனிந்தார்கள்.