நான் எண்ணாத துணிகள்

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் எங்களை வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் சொன்னது எனக்கு வேதவசனம்போல மனப்பாடம். பிள்ளைக்கு முதலில் மலம் கறுப்பாகப் போகும், பயப்படக் கூடாது. பிறகு பச்சையாகும், மஞ்சளாகும். பால் நன்றாக ஊறிவிட்டால் ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைய வேண்டும். டயப்பர் போட்டால் நனைந்தது சரியாகத் தெரியாது, கொஞ்ச நாளைக்குத் துணியே கட்டு.

கறுப்பு வந்தது, பச்சை வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு நான் மாற்றிய துணி ஒரு நாளில் மூன்றைத் தாண்டவில்லை. எம்.எஸ்சி. கணக்கு படித்தவள் நான். மூன்று வரை எண்ணுவதில் தப்பு வராது. சவூதியிலிருந்து என் வீட்டுக்காரன் ஜெப்சன் வீடியோவில் வந்து, "பிள்ள ஒண்ணுக்குப் போச்சா?" என்று கேட்பான். போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு அழுவேன்.

அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டாள். இருந்தும் தலைப்பிரசவத்துக்கு அருமனையில் அப்பா வீட்டுக்குத்தான் போவேன் என்று அடம்பிடித்து வந்தேன். அப்பா ஜான்ரோஸுக்கு ரப்பர் மரமும் ஜெபக்கூட்டமும் தெரியும். பிரசவித்த மகளிடம் என்ன பேசுவதென்று தெரியாது. பால், மூத்திரம் என்று நான் வாயெடுத்தாலே அவருக்குத் தோட்டத்தில் அவசர வேலை வந்துவிடும்.

அம்மாவின் தங்கை பூங்கனி சித்தி பகலில் வந்து சோறு பொங்கித் தருவாள். அன்று மழையோடு வந்தவள் கையில் பால்பவுடர் டின் இருந்தது.

"ஏட்டி, உனக்குப் பால் பத்தல்ல. பிள்ளயப் பட்டினி போடாண்டாம். இதக் கலக்கிக் குடு."

சித்தி கெட்டவள் இல்லை, அவளுக்கும் பயம். வெந்நீர் வைக்கப் போனாள். பிள்ளை அவன் பாட்டுக்கு உறங்கிக்கொண்டிருந்தான். ஊரில் எல்லாப் பெண்களும் தருவதை என்னால் தர முடியவில்லையே! டின்னைத் திறக்கும் முன் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று தோன்றியது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அப்பாவை ஆட்டோ பிடிக்கச் சொல்லப் பின்வாசல் வழியாகப் போனேன்.

ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையின் பின்னால், தகரச் சாய்ப்பின் கீழே நின்றிருந்தார். சூடான சுவரை ஒட்டி ஒரு கயிறு. கயிறு முழுக்கப் பிள்ளைத் துணிகள். சிலவற்றில் எவ்வளவு அலசியும் போகாத மஞ்சள். அப்பா இன்னொன்றைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"இது எப்ப உள்ளதுப்பா?"

"நேத்து ராத்திரியும் இன்னைக்குக் காலத்தயும் உள்ளது." அவர் தலையைத் தூக்கவில்லை. "நீ பால் குடுத்துட்டு அப்படியே அசந்து ஒறங்குத. உணர்த்தி எழுப்ப மனசு வரல்ல மக்களே. நானே மாத்திட்டேன். மழ பெய்யுதுல்லா, முற்றத்துல காயாது."

"எத்தனன்னு எண்ணினியளா?"

"அத எதுக்கு எண்ண? நனஞ்சா மாத்தணும், அவ்வளவுதானே."

நான் எண்ணினேன். கயிற்றில் மட்டும் எட்டு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"பால் பத்தல்லன்னு நான் செத்துட்டுக் கெடக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

அப்பா பிழிந்த துணியைத் திரும்பவும் பிழிந்தார். அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் கோபமெல்லாம் போய், அவர் தோளில் சாய்ந்து ஏங்கி ஏங்கி அழுதேன். வீட்டுக்குள் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. சித்தி அவனைத் தூக்கிக்கொண்டே வந்து, கயிற்றையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நல்ல ஆளு அத்தான் நீங்க," என்றாள். பிறகு என்னிடம் பிள்ளையை நீட்டினாள். "இந்தா, குடு. அந்தப் பவுடரு சாயா போட ஆவும்."

இனிமேல் துணி மாற்றினால், நான் உறங்கினாலும், என்னிடம் சொல்ல வேண்டும் என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். சரி என்று தலையாட்டினார். அவராவது, வாய் திறந்து சொல்வதாவது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் சபையிலிருந்து ஜெபிக்க வந்தார்கள். போதகர் கண்ணை மூடி, தாய்க்கும் பிள்ளைக்குமாக நீளமாக ஜெபித்துக்கொண்டிருந்தார். பிள்ளையை உள்ளறைக்குத் தூக்கிப் போயிருந்த அப்பாவுக்கு ஜெபம் முடிகிறவரை பொறுமையில்லை. வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் ஈரத்துணி.

"மக்களே," என்றார் என்னைப் பார்த்து, அத்தனை பேருக்கும் கேட்க. "பிள்ள நல்லா நனச்சிருக்கான். மஞ்சளும் உண்டு."

போதகர் முடிக்கும் முன்பே நான் ஆமென் சொல்லிவிட்டேன்.