லவால் பூங்காவில் பொது நாணயம்

மொன்ட்ரியால் வாழ் தமிழ்ப் பெருங்குடி மக்களுக்கு இத்தால் அறியத்தருவது யாதெனில்: ஒரே பள்ளிக்கூடத்தின் புரோசார்ட், மொன்ட்ரியால்-நோர் பழைய மாணவர் சங்கங்கள் இரண்டும், லவாலில் நடைபெறும் கோடை ஒன்றுகூடலில் ஒரே கூப்பனைப் பொது நாணயமாக ஏற்று, வரலாற்றில் காலடி வைக்கின்றன.

இதை எழுதியவர் கூட்டுக்குழுத் தலைவர், புரோசார்ட் பேரின்பநாதன். ஐரோப்பாவில் எந்த நாடு யூரோவுக்கு மாறினாலும் இங்கே அவருக்குக் காய்ச்சல் பிடிக்கும். மொன்ட்ரியால்-நோரை அவர் ‘மாறுநிலைப் பொருளாதாரம்’ என்றே குறிப்பிட்டார். அந்தச் சங்கத்து நிரஞ்சனிக்கு அது ஏதோ தொற்று வருத்தத்தின் பெயர் போலக் கேட்டது.

ஒப்பந்தப்படி நாணயமும் மேடையும் புரோசார்ட்டுக்கு; சாப்பாடு மொன்ட்ரியால்-நோருக்கு. சாப்பாட்டுக்குப் பொறுப்பு நிரஞ்சனி. முந்திய வருடங்களில், பின்னேரம் சனம் குறைந்தால் தங்கள் சங்கத்துக் கூப்பன் ஒன்றுக்கு இரண்டு பொரித்த ரோல் என்று அறிவித்துவிடுவாள். அதைக் கொள்கை என்று அவள் நினைத்ததில்லை; ரோல் ஆறுகிறது என்றுதான் நினைத்தாள். இனி அது முடியாது. ஒரு ரோல் ஒரு கூப்பன், ஒரு கூப்பன் இரண்டு டொலர்.

“எங்கட சனம் அந்த விலைக்கு வாங்காது, அண்ணை.”

“விலையைக் குறைச்சால் நாணயத்தின்ர மதிப்பு என்னாகும், தங்கச்சி?”

“ரோல் மிஞ்சினால் ரோலின்ர மதிப்பு என்னாகும்?”

“அந்தத் தியாகம்தான் ஒன்றியம்,” என்றார் பேரின்பநாதன்.

தியாகம் என்னவோ அவளுடையதுதான். ரோல் மிஞ்சினால் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மண்டப வாடகை கட்ட முடியாது.

விழா நாளும் வந்தது. பிரதம விருந்தினர் மங்கள விளக்கு ஏற்றாமல் எதையும் தொடங்குவது நம் வழக்கம் இல்லையே. கூப்பன் மேசையும் மூடியே கிடந்தது. விருந்தினரோ லவாலுக்கு வரும் பாலத்தில், வாகன நெரிசலில் நின்றார். பேரின்பநாதன் ஒலிவாங்கியில் பொறுமையின் பெருமையை விளக்கிக்கொண்டிருந்தார். மதியம் கடந்தது. பிள்ளைகள் சிணுங்கத் தொடங்கின.

“அக்கா, கூப்பன் எப்ப தருவினம்?” என்று கேட்டாள் மூன்று பிள்ளைகளோடு வந்த ஒரு தாய்.

“விளக்கேத்தினாப் பிறகுதானாம்.”

“இவன் அதுவரைக்கும் தாங்கமாட்டான். காசை எடுங்கோவன்.”

நிரஞ்சனி கணவனைப் பார்த்தாள். “இஞ்சருங்கோ, என்ன விலைக்குக் குடுக்கிறது?”

றூபன் எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “நாணயம்தான் இன்னும் பிறக்கேல்லையே. எங்கட விலைக்குக் குடும்.”

ஒரு டொலருக்கு ஒன்று போனது. பிறகு வரிசை. பிறகு வரிசைக்குள் சண்டை. புரோசார்ட் நிர்வாகக் குழுவினர்கூட மேடைக்குப் பின்பக்கமாக வந்து பொதி கட்டிக்கொண்டு போனார்கள். கடைசித் தட்டும் வெறுமையானபோது நிரஞ்சனி கை கழுவிவிட்டுக் கதிரையில் சாய்ந்தாள். வாடகை வந்துவிட்டது.

விருந்தினர் வந்தார். விளக்கு எரிந்தது. பேரின்பநாதன் விலை உறுதிப்பாடு பற்றி உரையாற்றினார். எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவள் நிரஞ்சனி. பிறகு அவர் முதலாவது கூப்பனை இரு கைகளாலும் ஏந்தி, படப்பிடிப்பாளர் பின்தொடர, அவளுடைய மேசைக்கு வந்தார்.

ரோல் முடிந்துவிட்டது.