காலி சிலிண்டர்

சிலிண்டர் முள் பூஜ்யத்தில் நிற்பதை நான் கவனித்தபோது மணி பதினொன்றேகால். கட்டிலில், பிரசவத்துக்கு வந்திருந்த தையல்காரி முகமூடியைக் கையில் பிடித்தபடி அடுத்த வலிக்காகக் காத்திருந்தாள். பிரசவ வலிக்குக் கொடுக்கிற காஸ் அது. ஆளை மயக்காது, வலியின் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கும், அவ்வளவுதான். வலி கிளம்பும்போதே இழுக்க ஆரம்பிக்க வேண்டும். நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. காலையில் நான்தான் பெரிய வாத்தியார் மாதிரி சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுக்க வாய் இருந்தது, சிலிண்டரில் காஸ் இருக்கிறதா என்று பார்க்கக் கண் இல்லை. டியூட்டிக்கு வந்ததும் சோதனைத் தாளில் 'சரி' என்று போட்டுக் கையெழுத்தும் வைத்திருந்தேன், முள்ளைப் பார்க்காமலே. பதினாறு வருஷம் பழகின கை.

மாற்று சிலிண்டர் கீழ்த்தளத்தில் இருந்தது. ஒரு போன் போட்டால் பத்து நிமிஷத்தில் மேலே வந்துவிடும். போடவில்லை. போட்டால் தலைமை நர்ஸ் காதுக்குப் போகும், அந்தத் தாளை எடுத்துப் பார்ப்பார்கள். அதுதான் காரணம். பிறகு என்னை நானே ஏமாற்றிக்கொள்ள இன்னொன்றும் கண்டுபிடித்தேன்: நன்றாகத்தானே சமாளிக்கிறாள், இப்போது போய்ச் சொன்னால் இருக்கிற தைரியமும் போய்விடும்.

சமாளித்தாள் என்பது பொய்யில்லை. வலி வரும்போதெல்லாம் அவளுடைய வலது பாதம் தையல் மெஷினை மிதிப்பதுபோல் கட்டில் கம்பியில் மேலும் கீழும் போகும். மூச்சு அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். முகமூடியின் ஓரமாக நுழைந்த வெறும் அறைக்காற்றைத்தான் பாவம், அவ்வளவு நம்பிக்கையாக இழுத்துக்கொண்டிருந்தாள். இடையில் ஒருதடவை முகமூடியை விலக்கி, "சிஸ்டர், காஸ் வருதா? ஒண்ணுமே தெரியலையே, உயிர் போகுதே" என்றாள்.

"வருதும்மா. இன்னும் கொஞ்சம் ஆழமா இழுங்க" என்றேன்.

பன்னிரண்டு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. வேர்வையில் ஊறிய முகத்தோடு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் காஸ் மட்டும் இல்லன்னா செத்தே போயிருப்பேன் சிஸ்டர்" என்றாள். நான் சிலிண்டரை வெளியே தள்ளிக்கொண்டு போய் 'காலி' என்ற அட்டையை மாட்டினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிரசவம் முடிந்த அறையில் சிலிண்டர் காலியாக இருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

மறுநாள் காலை பிரஷர் பார்க்கப் போனேன். அவளுடைய நாத்தனார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். கெட்ட மனுஷி இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். "நான் மூணு பெத்தேன், ஒரு ஊசி கிடையாது, மருந்து கிடையாது. இப்பல்லாம் என்ன, மூஞ்சில ஒண்ண மாட்டிவிட்டுடறாங்க, மகாராணியாட்டம் படுத்துக்கிட்டே பெத்துடறீங்க" என்று சிரித்தார்.

தையல்காரியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். "ஆமா அண்ணி. எனக்கு உங்கள மாதிரி தெம்பு ஏது? நான் சரியான பயந்தாங்கொள்ளி."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? பிரஷர் அளவைப் பார்த்தேன், மறந்தேன், மறுபடியும் பட்டையைச் சுற்றினேன். இவளுக்குச் சேர வேண்டிய பெருமை என்னிடம் மாட்டிக்கொண்டிருந்தது. அதைக் கொடுக்க வேண்டுமானால் என் குட்டு உடைய வேண்டும். மத்தியானம் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஆயுசு முழுக்க அந்த வீட்டில் அவள் காஸ் பிடித்துப் பெற்றவள்தான்.

"அதுல காஸ் இல்லம்மா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். "சிலிண்டர் ஆரம்பத்துலேருந்தே காலியா இருந்துச்சு. நான் நேத்து காலைல செக் பண்ணாம விட்டுட்டேன். நீங்க எந்த உதவியும் இல்லாமத்தான் பெத்தீங்க. வெறும் மூச்சுலயே."

நாத்தனாரின் கை பாதி உரித்த ஆரஞ்சோடு நின்றது. நான் தையல்காரியின் முகத்தையே பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அது பூரிக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றாள்.

"பதினொன்னே காலுக்கு."

"நான் கேட்டேனே சிஸ்டர்."

"கேட்டீங்க."

"வருதுன்னு சொன்னீங்க."

அவள் போர்வையின் ஓரத்தைத் தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பவள்போல விரலால் தடவிக்கொண்டே போனாள். "அவ்வளவு நேரமும், எனக்குத்தான் சரியா இழுக்கத் தெரியலன்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. பழக்கதோஷம், தூக்கிக் கொடுக்க இரண்டு கையையும் நீட்டிவிட்டேன்.

"வேணாம் சிஸ்டர். நானே எடுத்துக்கறேன்."

தையல் போட்ட உடம்பு. கட்டில் சட்டத்தைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தாள். நாத்தனார் ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் அவள் முதுகைத் தாங்கிக்கொண்டார். இருவருமாகத் தொட்டிலுக்குப் போக வேண்டிய வழியில் நான் நின்றுகொண்டிருந்தேன், நீட்டிய கைகளோடு.