வாழைக்கடியில இருந்த புல்லு

யார் மேல கோபப்படணும்னு எனக்கு இன்னும் தெரியல. தெரிஞ்சிருந்தா நாலு வார்த்தை ஏசிட்டு நிம்மதியா சோறு தின்னிருப்பேன்.

பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துல இருந்த எண்ணெய்க்கு வளர்த்த எங்க செம்பனையைச் சாய்ச்சுட்டு வாழை போட்டேன். மருந்து அடிக்கிறதில்ல, மண்ணை உழுறதுமில்ல. வாழைக்கடியில புல்லும் பயத்தங்கொடியும் மண்டிக் கிடக்கும். செத்துப்போன மண்ணுல இப்ப புழு நெளியுது. எஸ்டேட்டுல புல்லைக் கொல்ற மருந்து அடிச்சு அடிச்சு நெஞ்சு கெட்டுப்போன மூணு பொம்பளைங்களுக்கு இங்கதான் வேலை. அதுல மூத்தவங்க வேலம்மா அக்கா. மண்ணும் பொழைக்கணும், அவங்களும் பொழைக்கணும், நானும் பொழைக்கணும்னுதான் ஆரம்பிச்சேன். நான் பொழைக்கத்தான் வழி தெரியல. கோலாலம்பூர்ல மருந்தடிக்காத பழம் விக்கிற மிஸ் லிம் எங்க பழத்தை எடுத்துக்கலன்னா, தோட்டத்தை மூடிட்டு முன்ன வேலை பார்த்த ராவாங் ஃபேக்டரிக்கே திரும்பணும்.

அவங்க பார்க்க வர்றாங்கன்னு வேலம்மா அக்காகிட்ட சொன்னேன். பெரிய ஆளு, நம்ம எல்லாருக்கும் சோறு அவங்க கையிலதான்னேன். என் வாயில கொள்ளி வைக்க. அந்த வாரம் பூரா நான் காய்ச்சல்ல படுத்துட்டேன்.

மிஸ் லிம்மைக் கூட்டிக்கிட்டு உள்ள போனா, வாழைக்கடியில ஒரு பச்சை இல்ல. புல்லெல்லாம் கருகிக் கிடக்கு. வேலம்மா அக்கா நல்ல புடவை கட்டி, சிரிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. எஸ்டேட்டுல தொர வர்றாருன்னா ஒரு புல்லு நிக்கக்கூடாது, நின்னா வேலையை மேய்க்கிற மண்டோர் ஏசுவாரு. அந்தப் பழக்கம். நான் கையில காசு டுயிட் இல்லாமத்தான் மருந்து வாங்கலன்னு நினைச்சிருக்காங்க. கேட்டா சங்கடப்படுவேன்னு கேக்கவும் இல்ல. பம்பு இரவல் வாங்கி, சொந்தக் காசுல மருந்து வாங்கி, தனியாளா அடிச்சு முடிச்சிருக்காங்க. இருமிக்கிட்டேதான் இதைச் சொன்னாங்க.

மிஸ் லிம் கத்தல. கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். இங்கிலீஷ்ல மெதுவா பேசினாங்க. மண்ணு தேறட்டும், அடுத்த வருஷம் பழம் எடுத்துக்கிறேன், ஆனா மருந்தடிச்ச ஆளு இங்க இருக்கக்கூடாதுன்னாங்க. நியாயம்தான் லா. வேலம்மா அக்காவை அனுப்பினா மத்த ரெண்டு பேரும் பொழைப்பாங்க, மண்ணும் பொழைக்கும், நானும் பொழைப்பேன். ஆனா இவங்களை அனுப்பிட்டு இந்தத் தோட்டம் எனக்கு எதுக்கு? அனுப்பலன்னா தோட்டமே இல்லையே. சாயங்காலம் சொல்றேன்னு சொல்லி மிஸ் லிம்மை அனுப்பி வெச்சேன்.

கார் போனதும் வேலம்மா அக்கா பக்கத்துல வந்தாங்க. மருந்து பட்டு விரலெல்லாம் தோல் உரிஞ்சிருந்துச்சு. அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது.

"மாதவி, அந்தம்மாவுக்குப் பிடிச்சிருந்துச்சா?"

ஏசத்தான் வாயைத் தொறந்தேன்.

"பிடிச்சிருந்துச்சுக்கா."

அக்காவுக்கு முகமெல்லாம் பூரிச்சுப் போச்சு. என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க.

"அப்ப அடுத்த தடவை அவங்க வரும்போது வாய்க்கா ஓரத்தையும் சேர்த்து அடிச்சு வைக்கிறேம்மா."