மௌனத்தில் ஒரு லா

கோலா சிலாங்கூர் பழைய டவுனில் சேதுவின் முடிதிருத்தும் கடைக்குத் தனி மரியாதை உண்டு. பூமியே குலுங்கினாலும் சேது கை வைத்த வெட்டு கோணாது என்று வாடிக்கையாளர்கள் சத்தியம் செய்வார்கள். நல்லவேளை, அதைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

அப்பேர்ப்பட்டவனுக்குப் பிறந்த ஒரே மகன் பவனேஷ், வயது ஒன்பது, ஒரு நிமிடம் ஆடாமல் இருக்கத் தெரியாதவன். இது சேதுவின் கணிப்பு.

முதலில் கண். போன வருடம் தீபாவளிக்கு முன்னால் பையன் சிமிட்ட ஆரம்பித்தான். சாதாரணச் சிமிட்டலா அது! கம்பம் குவாந்தான் ஆற்றங்கரை மின்மினிகள் வரிசையில் நின்று பாடம் கேட்க வேண்டிய சிமிட்டல். சேது மூக்குக்கண்ணாடி வாங்கி மாட்டினான். கொஞ்ச நாளில் சிமிட்டல் நின்றது. கண்ணாடிக் கடைக்காரரின் புகழ் ஆற்றைத் தாண்டி அக்கரை மீனவர் கிராமமான பாசிர் பெனம்பாங் வரை போனது.

அடுத்தது மூக்கு. சளியே இல்லாமல் உறிஞ்சிக்கொண்டே இருந்தான். அம்மா பிரேமலா வெந்நீரில் ஓமம் போட்டு ஆவி பிடிக்க வைத்தாள். அந்த ஆவியில் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குக்கூடச் சளி தீர்ந்தது. பையனுக்கும் நின்றது. பிறகு தோள் தூக்கிப் போட ஆரம்பித்தது. காலர் உறுத்துகிறது போலும் என்று சட்டைக் காலர்களையெல்லாம் வெட்டி எறிந்தாள். அதுவும் குறைந்தது.

ஆக, எல்லா வைத்தியமும் ஜெயித்தது. ஜெயித்த கையோடு வேறொன்று முளைத்தது. எல்லாவற்றையும் சேர்த்துவைத்துப் பார்க்கத்தான் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியாக வந்தது ‘லா’. அது வந்ததே யாருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? மீன் விற்பவரிலிருந்து மந்திரி வரை லா போடாமல் பேச்சை முடிப்பவர் இந்த நாட்டில் யார்? பவனேஷ் பேச்சே இல்லாமல் லா போட்டான். அவ்வளவுதான் வித்தியாசம்.

பள்ளியில்தான் வெடித்தது. காலமான பழைய ஆசிரியர் ஒருவருக்குச் சபை கூடலில் மௌன அஞ்சலி. காக்கைகூடக் கத்தவில்லை.

“லா.”

தோள் ஒரு குலுக்கல். மறுபடியும், “லா.” பிள்ளைகள் சிரித்த சிரிப்பு அக்கரையில் கருவாடு காயப்போட்டவர்களுக்குக் கேட்டதாகத் தகவல்.

ஆசிரியை விஜயராணி போனில் கொதித்தார். “செத்தவங்களயே கேலி பண்றான் சார் உங்க மகன்!”

சேது அன்றே முடிவெடுத்தான். கோலா குபு பாருவில் அவன் அண்ணன் சிவானந்தம், ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜன், இருக்கிறார். அவர் வீட்டு நாய்கள்கூட வரிசையாகத்தான் குரைக்கும். பையன் இனி அங்கே தங்கி, அங்கேயே படிக்கட்டும்.

“பெத்த பிள்ளைய வெச்சிக்கத் தெரியாதா நமக்கு?” என்று அழுதாள் பிரேமலா.

“எல்லாம் நீ குடுத்த செல்லம் லா!”

“லா,” என்றான் பவனேஷ்.

“பாத்தியா? என்னையே நக்கல் பண்றான்!”

சனிக்கிழமை மதியம் அண்ணன் காரோடு வருவதாக ஏற்பாடு. காலையிலேயே சேது மகனைக் கடை நாற்காலியில் உட்கார வைத்து வெள்ளைத் துணியைக் கட்டினான்.

“ஆடக்கூடாது. அசைஞ்ச, அவ்வளவுதான்.”

பையன் அசையவில்லை. வலது பக்கம் முடிந்தது. இடது காதோரம் கத்தரிக்கோல் போனபோதுதான், உச்சந்தலையைப் பிடித்திருந்த கைக்குக் கீழே சேது எதையோ உணர்ந்தான். பிடரி கம்பியாக இறுகி அதிர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் பார்த்தான். பையனின் உதடு பல்லுக்குள் இருந்தது. கண்ணில் நீர் கட்டி நின்றது.

சேது ஒரு லட்சம் தலை பிடித்தவன். அவன் சொல்லும் கணக்கு அது, பாதியைத் தள்ளிவிடுங்கள். சேட்டைக்காரத் தலை துள்ளும். பயந்த தலை தோளுக்குள் போகும். இது ஆடாமலிருக்கத் தன்னோடு தானே மல்லுக்கட்டும் தலை.

கத்தரிக்கோலைக் காதோரத்திலிருந்து விலக்கி, பிடித்த கையையும் எடுத்தான். அவ்வளவுதான். கண், மூக்கு, தோள், லா, லா. ஒரு வருடமாக ஒவ்வொன்றாக வந்துபோன விருந்தாளிகள் அத்தனை பேரும் ஒரே வாசலில் முண்டியடித்தார்கள்.

“ஏன்டா இப்படிப் பண்ற?” சேதுவின் குரல் இறங்கியிருந்தது.

“நான் பண்ணலப்பா. அதுவா வருது. தும்மல் வர்ற மாதிரி. அடக்குனா அப்புறம் பெருசா வருது.”

“அன்னிக்கு ஸ்கூல்ல?”

“ரொம்ப நேரம் அடக்குனேன்ப்பா.”

“ஏன்டா எங்கிட்ட சொல்லல?”

“நீங்க ஆடாதன்னு மட்டும்தானே சொன்னீங்க.”

சேது மகனைக் கையைப் பிடித்து இறக்கினான். பையன் தலையில் வலது பக்கம் புல்தரை, இடது பக்கம் செம்பனைக் காடு. கழுத்தில் வெள்ளைத் துணியோடு பையனும் அப்பனும் வீதியில் இறங்கினார்கள்.

“டேய் சேது, அடுத்தது நான் லா!” என்று கத்தினார் பெஞ்சில் காத்திருந்த கார்த்திகேசு.

அடுத்த வரிசைக் கடைகளில் டாக்டர் புஷ்பாவின் கிளினிக். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார், சேது முதன்முறையாக எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான்.

“ஒரு வருஷத்துக்கு மேல, பல அசைவு, கூட ஒரு சத்தம். வருது, போவுது, மாறுது,” என்றார் டாக்டர். “டூரெட் சின்ட்ரோம்னு ஒரு நரம்புக் கோளாறு, அது மாதிரி தெரியுது. ஆஸ்பத்திரி நிபுணருக்கு எழுதித் தர்றேன், அவங்க உறுதி பண்ணட்டும்.”

“கெட்ட வார்த்தயா பேசுவாங்களே, அதா டாக்டர்?”

“அது கொஞ்சப் பேருக்குத்தான்.”

“கண்ணாடி போட்டதும் நின்னுச்சே?”

“போடலன்னாலும் நின்னிருக்கும்.”

“ஓமம்?”

“ரசத்துக்கு நல்லது.” டாக்டர் சிரிக்காமல் சொன்னார். “இவன் வேணும்னு செய்யல. அடக்கச் சொல்லாதீங்க, திட்டாதீங்க. ஸ்கூல்ல நான் பேசறேன். பயப்பட ஒண்ணுமில்ல லா.”

பவனேஷ் நிமிர்ந்து பார்த்தான். “டாக்டர், உங்களுக்கும் இருக்கா?”

மதியம் சிவானந்தம் கடைக்குள் நுழைந்தபோது இடது பக்கம் இன்னும் முடிந்தபாடில்லை. தோள் குலுங்கும்போது சேது கத்தரிக்கோலைத் தூக்குவான், அடங்கியதும் வெட்டுவான், மறுபடி தூக்குவான். கார்த்திகேசுக்கு அதற்குள் இன்னும் ஒரு விரற்கடை முடி வளர்ந்துவிட்டது.

“பையனோட துணிப் பை எங்க லா?”

“பை இல்லண்ணே. அவன் வரல.”

“எங்கிட்ட ஒரு மாசம் விடு. நிமித்திக் காட்டறேன்.”

“நிமித்தறதுக்கு ஒண்ணும் இல்லண்ணே. உக்காருங்க, சொல்றேன்.”

“லா,” என்றான் பவனேஷ்.

சார்ஜனின் மீசை துடித்தது. “யார நக்கல் பண்றான்?”

“யாரையும் இல்ல.” சேது கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தான்.

துணியை உதறியபோது இடது காதோரம் வெட்டு நன்றாகவே கோணியிருந்தது. சேது பார்த்தான். கார்த்திகேசும் பார்த்தார். திருத்தப் போனால் பையன் இன்னும் ஒரு முறை உட்கார வேண்டும்.

“எறங்குடா,” என்றான் சேது. “நல்லாத்தான் இருக்கு.”