நூற்று நாற்பத்தெட்டாம் பக்கத்துப் புளிக்கறை

1

இந்தக் கதை ஒரு கறையிலிருந்து பிறந்தது. பாப்பிரெட்டிப்பட்டியில் பழைய சாமான் கடையொன்றில் வாங்கிய நாவலின் நூற்று நாற்பத்தெட்டாம் பக்கத்தில் பெருவிரல் அளவுக்குப் புளிக்கறை. ரேகைகூடத் தெரிகிறது. அந்தப் பக்கத்தில்தான் ஒரு குழந்தை சாகிறது. மற்றதெல்லாம் என் கற்பனை, நம்பிப் படிக்கலாம்.

2

1984 பங்குனியில் ஒரு மதியம், வெயில் மண்டையைப் பிளக்க [வேண்டாம். வெயிலில் ஆரம்பிக்கும் கதைகள் என்னிடம் ஏற்கெனவே ஆறு இருக்கின்றன.]

ஹயாத் பாஷாவின் புளி மண்டியில் இருபது பெண்கள் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வஹிதா மட்டும் தட்டவில்லை. பத்தாவது வரை படித்தவள் என்பதால், நூலகத்திலிருந்து நாவல் எடுத்துவந்து உரக்கப் படிப்பது அவள் வேலை. கதை பிடித்திருந்தால், சாயங்காலம் அவள் பங்கு வேலைக்கு ஈடாக ஆளுக்கொரு பிடி புளியை அவள் கூடையில் போடுவார்கள். பிடி விழாத நாவல் மறுநாளே நூலகத்துக்குத் திரும்பிவிடும்.*

* சோகக் கதைக்குப் பிடி விழாது என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்துக்கொரு பிணம் விழுந்த நாவலைத்தான் அந்த இருபது பேரில் ஒருத்தியான கண்ணம்மாள் தள்ளினாள்: "சாவறதுக்குன்னே ஆளக் கூட்டியாந்து நிறுத்தறான். இவனுக்கெல்லாம் எதுக்கு ஒரு பிடி?" விமர்சகர்கள் எத்தனையோ பேரைப் படித்திருக்கிறேன். இதைவிட நல்ல அளவுகோல் கிடைத்ததில்லை.

3

இப்போது, அதே மண்டியில் புளி தட்டும் தீர்த்தம்மாள். போன ஆடியில் அவளுடைய ஏழு வயது மகள் கிணற்றில் விழுந்து இறந்துபோனாள். (இவளையும் நான் அழுவதற்கென்றே கூட்டிவந்து நிறுத்துகிறேனோ? கண்ணம்மாள் நிச்சயம் கேட்பாள். இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். பிறகு தீர்த்தம்மாளே பேச ஆரம்பித்துவிட்டாள்.)

வஹிதா நாவலை வீட்டிலேயே முன்கூட்டிப் படித்திருந்தாள். மண்டியில் நூற்று நாற்பத்தேழின் கடைசி வரியை முடித்ததும் தீர்த்தம்மாளை ஒருமுறை பார்த்தாள். காய்ச்சல் இறங்கிக் குழந்தை கண்விழித்ததாகச் சொந்தமாகவே படித்துக்கொண்டு போனாள். பொய்யை நன்றாகவே படித்தாள். [என் முதல் படியிலும் குழந்தை பிழைத்துக்கொண்டது. அதைக் கிழித்துப் போட்டதற்குக் காரணம் அடுத்த வரி.]

"தாளத் திருப்பவே இல்லையே வஹிதா," என்றாள் தீர்த்தம்மாள்.

தட்டும் சத்தம் நின்றது.

"வேணாங்க்கா. நாளைக்கு வேற கதை எடுத்தாரேன்."

"எம்புள்ள குள்ளம்மா போனதுல இருந்து எம்முன்னால யாரும் அவ பேரச் சொல்றதில்ல. நான் வந்தா பேச்ச மாத்திடறீங்க. இப்ப பொஸ்தகத்தையும் மாத்தறயா? எந்த எடத்துல சாவுது, காட்டு."

வஹிதா தாளைத் திருப்பிக் காட்டினாள். எழுத்துத் தெரியாத தீர்த்தம்மாள் அந்த வரியின் மேல் பெருவிரலை அழுத்தி வைத்தாள்.

"இங்கிருந்து படி."

4

முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில் தீர்த்தம்மாள் பாதியில் எழுந்து போகிறாள். மற்றதில் கூடையில் இரண்டு பிடி போடு— இரண்டையும் அடித்துவிட்டேன். பக்கத்தை முழுதாகக் கேட்காமல் அவள் என்ன செய்வாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வஹிதாவால் படிக்க முடியவில்லை; புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டாள். தீர்த்தம்மாள் விரலை எடுத்துவிட்டுக் காத்திருக்கிறாள். புத்தகம் இதோ, அந்தப் பக்கத்திலேயே திறந்திருக்கிறது. நீங்கள் எழுத்துத் தெரிந்தவர். படியுங்கள்.