திருப்பிச் சொல்லு

சலவைக்கூடத்து வேலையிலிருந்து வந்த அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தாள். எதிரே மகள் மடிக்கணினியை முறைத்துக்கொண்டிருந்தாள். சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு. கடல்சார் சட்டமா, கம்பெனிச் சட்டமா என்று இன்றைக்குள் பதிய வேண்டும்.

“இன்னுமா முடிவு பண்ணல?”

“பண்ணிட்டேன்மா. கப்பல்தான்.”

“அப்பா கத்துவாரு.”

“கத்தட்டும். அவரக் கரைக்குக் கொண்டுவர வேற யாரு படிப்பா?”

அப்பா சரக்குக் கப்பலில் சுக்கான் பிடிப்பவர். முதலாளி கைவிட்ட கப்பலைக் கோர்ட் பிடித்து வைத்திருக்கிறது. எங்கோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரத்தில் கிடக்கிறது. மாற்று ஆள் வராமல் யாரும் இறங்கக் கூடாது. ஆள் அனுப்ப வேண்டிய முதலாளியைத்தான் காணோம். ஜெனரேட்டர் ஓடும் கொஞ்ச நேரம் மட்டும் அங்கே இணைய இணைப்பு இருக்கும். அப்போதுதான் போன் வரும்.

வந்தது.

“வக்கீலம்மா இருக்காங்களா?”

“இருக்கேன்பா. சாப்டீங்களா?”

“டப்பாச் சாப்பாடு. அத விடு. கம்பெனிச் சட்டம் எடு. ஏசி ரூம்ல உக்காந்து வேல பாரு. இந்தத் தண்ணி என்னோட போகட்டும்.”

“கப்பல் சட்டம் படிச்சாத்தானப்பா உங்கள…”

“கப்பலுக்குப் பண்ண வேண்டியதெல்லாம் பண்ணியாச்சு கண்ணு. இன்னிக்கு எங்க வக்கீல் படகுல வந்தாரு. கோர்ட் உத்தரவு சுக்கான் ரூம் கண்ணாடியில ஒட்டியிருக்கு. கப்பல் நகராது. ஆனா முதலாளி யாருன்னு அவருக்கே தெரியல.”

“பேப்பர்ல பேரு இருக்குமே?”

“இருக்கு, ஒரு கம்பெனி. அது இன்னொரு கம்பெனியோடது. அங்க போய்ப் பாத்தா பூட்டின ரூமாம். வெங்காயம் உரிக்கிற கதைதான்.”

மகளின் விரல் திரையில் கடல்சார் சட்டத்திலிருந்து கம்பெனிச் சட்டத்துக்கு மெல்ல நகர்ந்து நின்றது.

“லைன்ல இருக்கியா? திருப்பிச் சொல்லு.”

அது கப்பல் வழக்கம். அதிகாரி சொல்லும் திசையைச் சுக்கான் பிடிப்பவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். வீட்டில் பால் வாங்கி வரச் சொன்னாலும் அவருக்கு அது வேண்டும். ஏன் எதற்கு என்பதற்கெல்லாம் அதில் இடமில்லை.

“கம்பெனிச் சட்டம் எடுக்கிறேன்.”

“அப்படிச் சொல்லு. இப்பத்தான் மூச்சு வருது. அம்மாகிட்டக் குடு…”

இணைப்பு அறுந்தது.

அம்மா குனிந்து செருப்பைக் கழற்றினாள். “அவரு சொன்னதுக்காகவா?”

“இல்லம்மா. கப்பலப் பிடிக்க ஆள் இருக்கு. அது யாரோடதுன்னு தோண்டத்தான் ஆளில்ல.”

“நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் அவரு அங்கேயேவா கிடப்பாரு?”

மகள் பொத்தானை அழுத்தினாள். பதிவாகிவிட்டது என்றது திரை.

“எதுக்கு எடுத்தேன்னு அப்பாகிட்டச் சொல்லிடாத.”

“எங்க சொல்ல,” என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். “என் முறை வர்றப்பத்தான் கரண்டு போயிடுதே.”